குடியையும் சாகணும்ங்கிற நெனப்பையும் ஒண்ணா பாக்குற மறுவாழ்வு மையம் – எங்க குடும்பத்தோட ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், ரூம் எப்படி, பாத்ரூம் எப்படின்னு தெரிஞ்சுக்க வந்தவங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல. குடியில மாட்டிக்கிட்ட ஒருத்தர் "செத்துட்டா தேவல"ன்னு சொல்ல ஆரம்பிச்சா அந்த மையம் அத எப்படி எடுத்துக்குது, அது மட்டும்தான் இந்த ரிவ்யூ. எங்க அண்ணன் அங்க உள்ள தங்கி ட்ரீட்மென்ட் எடுத்துட்டு இப்ப ஓபி போயிட்டு இருக்காரு. இத எழுதி அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன், போடு, ஆனா எந்த இடம்னு மட்டும் போடாதன்னாரு, அதனால மையத்தோட பேர் இல்ல. என்னோட மார்க் 5க்கு 4.

இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல சேத்திருந்தோம். கை நடுக்கம், வாந்தி, தூக்கம் வராதது எல்லாத்துக்கும் அங்க மருந்து கொடுத்து நல்லாவே பாத்தாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா அண்ணி தயங்கித் தயங்கி "இவரு ராத்திரி ஆனா நான் இருந்து என்ன பண்ணப் போறேன், போயிடறேன்னு பேசறாருங்க"ன்னு சொன்னப்ப, டூட்டில இருந்தவரு "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சும்மா, போதை தெளிஞ்சா தானா சரியாயிடும்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. அதுக்கப்புறம் அண்ணி அந்தப் பேச்சையே எடுக்கல. யாராவது எடுப்பாங்களா?

அவரு சொன்னதுல பாதி உண்மைதான், அதனாலதான் அது ஆபத்து. குடியாலயே வர்ற மனச்சோர்வு குடிய நிறுத்தி 2 வாரத்துல இருந்து 4 வாரத்துக்குள்ள நிறைய பேருக்கு நல்லா கொறைஞ்சிடும், இத டாக்டருங்க ரொம்ப நாளா பாத்து எழுதி வச்சிருக்காங்க. ஆனா அந்த வாரங்கள அந்த மனுஷன் உசிரோட தாண்டணும்ல, அதுக்கு என்ன வழி? அதுவும் இல்லாம விடிஞ்சா போகப் போற நெனப்பாவே இருக்கட்டும், விடியறதுக்கு முன்னாடி இருக்கற அந்த ரெண்டு மூணு மணி நேரம்தானே பிரச்சனையே. போதையில கண்ணு முன்னாடி இருக்கற வலி மட்டும்தான் பெருசா தெரியும், நாளைக்கு புள்ளைங்க என்ன ஆகும், போன தடவ இதே மாதிரி இருந்து சரியாச்சேங்கறதெல்லாம் மனசுக்கு எட்டவே எட்டாது. 1990ல ஸ்டீல், ஜோசப்ஸ்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க இதுக்கு ஆல்கஹால் மயோபியா, அதாவது குடியால வர்ற கிட்டப்பார்வைன்னு பேரே வச்சிருக்காங்க. தெளிவா இருக்கறப்ப வந்துட்டுப் போற ஒரு நெனப்பு, போதையில தடுக்க ஆளில்லாம செயலா மாறிடுது.

இந்த மையத்துக்கு வர்றேன். சேக்கற அன்னிக்கே எவ்வளவு குடிக்கறாரு, எத்தன நாளைக்கு ஒரு தடவ, காலைல எழுந்ததும் வேணுமான்னு 10 கேள்வி இருக்கற ஒரு ஃபார்ம், உலக சுகாதார நிறுவனம் போட்ட ஆடிட்னு ஒண்ணு, மொத்தம் 40 மார்க், 20 இல்ல அதுக்கு மேல வந்தா அடிமையாகியிருக்க நிறைய வாய்ப்புன்னு அர்த்தம். இது நிறைய இடத்துல இருக்கறதுதான். அது முடிஞ்சதும் கவுன்சிலர் மேடம் எங்க எல்லாரையும் வெளிய உக்காரச் சொல்லிட்டு அண்ணன்கிட்ட தனியா, நேராவே கேட்டிருக்காங்க: "தூங்கினா எழுந்திரிக்காமலே இருந்துட்டா நல்லாருக்கும்னு தோணிருக்காங்க? உயிர விட்டுடலாம்னு நெனச்சிருக்கீங்களா? எப்படின்னு யோசிக்கற அளவுக்குப் போயிருக்கா? கடைசியா எப்ப வந்துச்சு, அப்ப குடிச்சிருந்தீங்களா?" அண்ணன் அப்புறமா எங்கிட்ட சொன்னது, "டேய், இத்தன வருஷத்துல இத எங்கிட்ட கேட்ட மொத ஆளு அவங்கதான்டா, எனக்கு அழுகையே வந்துடுச்சு".

கேட்டா இல்லாத நெனப்பும் வந்துடுமோன்னு வீட்ல எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கு, எங்களுக்கும் இருந்துச்சு. ஆனா பள்ளிக்கூட பசங்ககிட்ட நடத்தி 2005ல வெளியான பெரிய ஆய்வு, அதுக்கப்புறம் வந்த ஆய்வுகள் எல்லாமே கேக்கறதால நெனப்பு கூடறதில்லன்னுதான் சொல்லுது, ஏற்கனவே மனசொடிஞ்சு இருக்கறவங்களுக்கு கொஞ்சம் பாரம் எறங்கக்கூட செய்யுது.

எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா அந்தக் கேள்விய ஒரு தடவ கேட்டு டிக் அடிச்சிட்டு விடல. சேந்த அன்னிக்கு கேட்டது, போதை முழுசா தெளிஞ்சதும் திரும்ப, மருந்து கொறைக்கறப்ப திரும்ப, வீட்டுக்கு அனுப்பறதுக்கு மொத நாள் திரும்ப. ஏன்னா போதையில இல்லவே இல்லன்னு சொன்னவரு தெளிஞ்சதும் ஆமான்னு சொல்லலாம், தலைகீழாவும் நடக்கலாம். தெளிஞ்சதும் அவமானம், கடன், வீட்ல பட்ட பாடு எல்லாம் ஒட்டுமொத்தமா வந்து மேல விழுகுது, அதுவும் ஒரு மோசமான நேரம்னு நர்ஸ் அக்கா சொன்னாங்க.

மருந்து விஷயம் சுருக்கமா. ரொம்ப வருஷமா தினமும் குடிக்கறவங்க வீட்லயே திடீர்னு நிறுத்தறது நல்லதில்ல, கடைசியா குடிச்ச 6 மணி நேரத்துல இருந்தே நடுக்கம் ஆரம்பிக்கலாம், மொத ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம், அதுக்கப்புறம் புத்தி பெசகி இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியற நெலமைக்கும் சிலர் போயிடுவாங்க, உயிருக்கே ஆபத்து. இங்க டாக்டர் மேற்பார்வையில மாத்திரை, தயமின்ங்கற வைட்டமின் பி1 ஊசி எல்லாம் முறையா போட்டாங்க. குடிக்கற வெறிய கொறைக்க நால்ட்ரெக்சோனா அகம்ப்ரோசேட்டான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி டாக்டர் மறுபடியும் மனசு எப்படி இருக்குன்னு கேட்டாரு, ஏன்னா ரெண்டு மருந்தோட தாள்லயும் மனச்சோர்வு, தற்கொலை எண்ணத்த கவனிக்கணும்னு எச்சரிக்கை இருக்கு. இத படிச்சிட்டு யாரும் பயந்து தானா மாத்திரைய நிறுத்திடாதீங்க, கவனிக்கணும்னுதான் போட்டிருக்கு, டாக்டர்கிட்ட பேசுங்க.

இப்ப, அந்த நெனப்பு வந்தா என்ன பண்றதுன்னு அண்ணன அங்க எழுத வச்ச ஒரு பேப்பர் பத்தி. ஒரே ஒரு தாள், ஆறு பகுதி. பாதுகாப்புத் திட்டம்னு சொல்றாங்க, ஸ்டான்லி, பிரவுன்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல உருவாக்கினது. நீலப் பேனாவுல அண்ணன் கையெழுத்துலயே இருக்கு, அவங்க எழுதிக் கொடுக்கல, அவரையே எழுத வச்சாங்க. மொத பகுதி, நெனப்பு வரப்போகுதுன்னு எப்படி தெரியும்? அண்ணன் எழுதினது: போன சைலண்ட்ல போட்டுட்டு லைட்ட அணைச்சிட்டு படுப்பேன். ரெண்டாவது, யாரோட உதவியும் இல்லாம தானே என்ன பண்ணலாம்? குளிப்பேன், வெளிய எறங்கி பார்க் வரைக்கும் நடப்பேன்னு எழுதியிருக்காரு. மேடம் அதோட விடல, "போற வழியில என்ன இருக்குங்க?"ன்னு கேட்டிருக்காங்க. சரக்கு கடை இருக்கு! உடனே அத அடிச்சிட்டு பின்பக்கத் தெரு வழியான்னு மாத்தி எழுத வச்சாங்க. மூணாவது, மனச திசை திருப்ப யாரப் பாக்கலாம், எங்க போலாம். அண்ணன் எழுதின மொத பேர் அவரோட குடிக்கற கூட்டாளி, அதுவும் அடிபட்டுச்சு.

நாலாவது பகுதிதான் என்னை அப்படியே உக்கார வச்சது. நெருக்கடில யார்கிட்ட சொல்லுவீங்கங்கற எடத்துல அண்ணி பேர் மட்டும்தான் இருந்துச்சு. "சரி, அவங்களோட சண்டை போட்ட அன்னிக்கு யாரு?"ன்னு கேட்டாங்க மேடம். அண்ணன் ரொம்ப நேரம் பேசவே இல்லயாம். அப்புறம் என் பேர எழுதியிருக்காரு. இந்தக் கேள்வி சும்மா வந்ததில்ல, குடிக்கு அடிமையாகி தற்கொலையில இறந்தவங்கள பத்தி 1967லயே மர்ஃபி, ராபின்ஸ்னு ரெண்டு பேர் ஆராய்ஞ்சு, அவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் சாகறதுக்கு முந்தின 6 வாரத்துக்குள்ள நெருங்கின ஒரு உறவ இழந்திருந்தாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. மனைவி கோச்சிட்டுப் போறது, பிரிவு, சாவு, இதெல்லாம் இவங்கள மத்தவங்கள விட சட்டுனு சாய்ச்சிடுது. அதனால அண்ணி பேர் மட்டும் இருந்திருந்தா எந்த அன்னிக்கு அந்த பேப்பர் வேணுமோ அன்னிக்கே அது உதவாம போயிருக்கும்.

அஞ்சாவது டாக்டர், மையம், எமர்ஜென்சி நம்பர். ஆறாவது வீட்ட பாதுகாப்பா வைக்கறது, இதுக்கு எங்களையும் உள்ள கூப்பிட்டாங்க. வீட்ல பாட்டில் எதுவும் இருக்கக் கூடாது, மாத்திரை எல்லாம் அண்ணி கைல, அதுவும் கொஞ்ச நாளைக்கு தேவையானது மட்டும்தான் டாக்டர் எழுதிக் கொடுப்பாரு. "இது அவர் மேல சந்தேகம் இல்லங்க, அந்த மோசமான நேரம் தாண்டற வரைக்கும் ஒரு எடைவெளி"ன்னு அவர் முன்னாடியே சொன்னாங்க, அந்த மரியாதை எனக்குப் பிடிச்சது.

வீட்டுக்கு வந்தப்புறம் போன் பண்ணாங்க. நிஜமாவே பண்ணாங்க. நான் நம்பல, சும்மா சொல்லுவாங்கன்னு நெனச்சேன். அமெரிக்காவுல எமர்ஜென்சி வார்டுக்கு வந்தவங்களுக்கு இதே மாதிரி திட்டமும் போன் காலும் கொடுத்துப் பாத்து 2018ல வெளியிட்ட ஆய்வுல 6 மாசத்துல தற்கொலை முயற்சி மாதிரியான நடத்தை சுமார் 45 சதவீதம் கொறைவா இருந்துச்சுன்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரில இருந்து வெளிய வந்த மொத வாரங்கள்தான் ரொம்ப ஆபத்தான காலம்ங்கறதால இந்த போன் காலுக்கு மருந்து அளவுக்கு மதிப்பு இருக்கு.

நடுவுல அண்ணன் ஒரு தடவ குடிச்சிட்டாரு. குடிச்சிட்டு மையத்துக்கே போன் பண்ணியிருக்காரு. குடிச்சிட்டு பேசினா கட் பண்ற இடங்கள் இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன், இங்க மொத கேள்வியே "இப்ப எங்க இருக்கீங்க, பக்கத்துல யாரு இருக்கா?" அதுக்கப்புறம் எனக்கு கால் வந்துச்சு, நான் கிளம்பிப் போய் ராத்திரி முழுக்க கூடவே இருந்தேன். மறுநாள் திட்டல, எல்லாம் போச்சுன்னு சொல்லல, பேப்பர எடுத்து எந்த வரி வேலை செய்யலன்னு பாத்து மாத்தினாங்க. "இவ்வளவு பண்ணியும் மறுபடி விழுந்துட்டேனே"ங்கற அந்த வெக்கம்தான் ஆள முடிச்சிடும், அத இவங்க புரிஞ்சு வச்சிருக்காங்க.

ஒரு மார்க் ஏன் கொறைச்சேன்னா, போன் பண்றது பகல்ல மட்டும்தான். ராத்திரி கூப்பிட்டா எடுக்கறது செக்யூரிட்டியோ டூட்டி ஆளோ, அவங்க கவுன்சிலருக்கு சொல்லி, அவங்க திரும்பக் கூப்பிடணும், அந்த நேரம் ரொம்ப நீளமா இருக்கு. நெனப்பு வர்றது ராத்திரின்னு அவங்களோட ஃபார்ம்லயே எழுதி வாங்கிட்டு ராத்திரிக்கு ஆள் போடாம இருக்கறது சரியில்ல. அடுத்தது டிஸ்சார்ஜ் சம்மரி, அதுல மருந்து, லிவர் டெஸ்ட் எல்லாம் இருக்கு, தற்கொலை எண்ணம் இருந்துச்சு, திட்டம் போட்டிருக்குன்னு ஒரு வரி கூட இல்ல. வேற டாக்டர்கிட்ட போனா அவருக்கு எப்படி தெரியும்? கேட்டதுக்கப்புறம் சேத்து கொடுத்தாங்க, ஆனா நாங்க கேக்க வேண்டியிருந்துச்சு. குடும்பத்துக்கான செஷன் ரொம்ப அவசரமா முடிஞ்சிடுது, அண்ணி தூக்கமில்லாம காவல் காத்து காத்து ஓஞ்சு போயிருந்தாங்க, அவங்கள ஒருத்தரும் எப்படி இருக்கீங்கன்னு கேக்கல.

வேற மையம் தேடறவங்க சேக்கறதுக்கு முன்னாடி போன்லயே இத கேட்டுடுங்க: தற்கொலை எண்ணம் இருந்தா சேப்பீங்களா, இல்ல மனநல டாக்டர்கிட்ட போய் சரி பண்ணிட்டு வாங்கம்பீங்களா? மனநல டாக்டர் உள்ளயே இருக்காரா? குடிச்சிட்டு போன் பண்ணா பேசுவீங்களா? வெளிய வந்தப்புறம் யாரு கூப்பிடுவாங்க? குடிய நிறுத்திட்டு வாங்க அப்புறம் மனச பாக்கலாம்னு ஒரு இடமும், மனச சரி பண்ணுங்க அப்புறம் குடிய பாக்கலாம்னு இன்னொரு இடமும் பந்தாடினா நடுவுல நிக்கறது அந்த மனுஷன்தான்.

உங்க வீட்ல இப்பவே அந்தப் பேச்சு இருக்குன்னா, இல்ல இத படிக்கற உங்களுக்கே அப்படி தோணுதுன்னா, எந்த மையத்தோட அப்பாயின்ட்மென்டுக்கும் காத்திருக்காதீங்க, தனியா இருக்காதீங்க, தனியா விடாதீங்க. பக்கத்துல இருக்கற எமர்ஜென்சிக்கு போங்க, இல்ல உங்க நாட்டோட எமர்ஜென்சி நம்பர், தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைனுக்கு கூப்பிடுங்க, குடிச்சிருந்தாலும் கூப்பிடலாம். போறப்ப சாப்பிடற மாத்திரை, பழைய சீட்டு எல்லாம் எடுத்துக்கங்க, கடைசியா எப்ப குடிச்சாருன்னு நேரத்தோட சொல்லுங்க, செத்துடறேன்னு சொன்னதையும் டாக்டர்கிட்ட அவர் சொன்ன வார்த்தையிலயே சொல்லிடுங்க.