த்ரீடி படத்தை காட்டி டிராயிங்னு காசு வாங்குறாங்க, கிருஷ்ணகிரி பக்கம் வேலை எடுக்கறவங்க பாத்துக்கோங்க

காவேரிப்பட்டணத்துல சின்னதா ஒரு மரப்பட்டறை வச்சிருக்கேன். வார்ட்ரோப், கட்டில், கிச்சன் எல்லாம் பண்றோம். இத்தனை வருஷமா நேர்ல போய் டேப் புடிச்சு, பென்சில்ல பேப்பர்ல போட்டு தான் அறுப்போம். இப்ப வர்றவங்க எல்லாம் "அண்ணா முதல்ல த்ரீடி காட்டுங்க"ன்னு கேக்குறாங்க, அதுல தப்பு சொல்ல மாட்டேன், லட்சக்கணக்குல செலவு பண்றவங்க பாத்துட்டு தான் சரின்னு சொல்லுவாங்க. அப்படி கேட்ட ஒரு புது வீட்டு வேலைக்காக, கம்ப்யூட்டர்ல டிராயிங் போடற ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் ரெண்டு சாப்ட்வேரும் தெரியும்னு சொன்ன கிருஷ்ணகிரி ஆளு ஒருத்தர்கிட்ட போனேன். பேர் போடல.

12,000 ரூபாய் பேசுனோம், அதுல 1,500 வீட்டுக்கு வந்து அளவெடுக்கறதுக்கு மட்டும். த்ரீடி, அளவு போட்ட டிராயிங், எந்த பலகையை எந்த அளவுல அறுக்கணும்ங்கற கட்டிங் லிஸ்ட் மூணும் தர்றேன்னாரு. ஒரு வாரத்துல படம் வந்துச்சு, போட்டோ புடிச்ச மாதிரியே இருந்துச்சு, அந்த வீட்டு ஓனரம்மாவுக்கு பாத்ததும் புடிச்சு போச்சு, நானும் அந்த சந்தோஷத்துல மீதி பணத்தை அன்னைக்கே ஜிபே பண்ணிட்டேன். டிராயிங்கை பிரிச்சு கூட பாக்கல.

கட்டிங் லிஸ்ட்டை வச்சு ஓசூர்ல பேனல் சா, அதான் ப்ளைவுட் அறுக்கற மெஷின், இருக்கற இடத்துல அறுத்து, பட்டறைல பாக்ஸ் கட்டி வீட்டுக்கு ஏத்திட்டு போனோம். பெட்ரூம்ல ரெண்டு சுவத்துக்கு நடுவுல வார்ட்ரோப், 710 மில்லிமீட்டர் அகலத்துல மூணு பாக்ஸ். ரெண்டு உக்காந்துச்சு, மூணாவது உள்ள போகவே இல்ல. டேப் வச்சு பாத்தா மொத்த இடமே 2104 தான். அவரு போட்டிருந்தது 2134, அதாவது 7 அடி. இன்ஜினியர் ப்ளான்ல இருந்த 7 அடியை அப்படியே தூக்கி போட்டிருக்காரு. ப்ளான்ல இருக்கறது செங்கல் சுவத்து அளவுங்க, பூச்சு ஒரு பக்கத்துக்கு 15 மில்லி ஏறுனாலே 30 மில்லி காலி. வீட்டு சாவி பக்கத்து வீட்ல தான் இருந்துச்சு, அந்த அக்காவ கேட்டா யாரும் வந்து சாவியே வாங்கலன்னாங்க. அப்ப அந்த 1,500 எதுக்கு?

டிராயர் அதைவிட மோசம். 18 மில்லி ப்ளைவுட்டுக்கு ரெண்டு பக்கமும் 1 மில்லி மைக்கா ஒட்டுனா 20 ஆயிடும், 710 பாக்ஸுக்கு உள்பக்கம் 670 தான் நிக்கும். டிராயர் உள்ள வெளிய ஓடுற டெலஸ்கோபிக் சேனலுக்கு பக்கத்துக்கு அரை இஞ்சு விடணும், 13 மில்லின்னு வச்சுக்கோங்க, அப்ப டிராயர் அகலம் 644. லிஸ்ட்ல இருந்தது 674! மைக்காவும் கணக்குல இல்ல, சேனலும் கணக்குல இல்ல. எங்க ஆசாரி டிராயர கைல வச்சுக்கிட்டு என் மூஞ்சிய பாத்தாரு, எனக்கு பதில் சொல்ல வாய் வரல.

இதையெல்லாம் கூட சீவி சரி பண்ணிக்கலாம், வார்ட்ரோப் கதவை, அதான் ஷட்டர, என்ன பண்றது? தேக்கு ரேகை போட்ட மைக்கா. ஷீட் மிச்சம் புடிக்க சாப்ட்வேர்ல பீஸை திருப்பி போட விட்டிருக்காரு, ஆறு ஷட்டர்ல ரெண்டுக்கு ரேகை குறுக்க ஓடுது. ரேகை இருக்கற மைக்கான்னா அந்த திருப்பற ஆப்ஷனை முதல்லயே ஆப் பண்ணணும்.

போன் பண்ணி டிராயிங்கோட ஒரிஜினல் கம்ப்யூட்டர் பைலை, அதான் டிடபிள்யூஜி பைல், கேட்டா சாப்ட்வேர் லைசென்ஸ், தரமுடியாதுன்னாரு. சத்தம் போட்ட பிறகு அனுப்புனாரு. பர்கூர்ல இன்ஜினியரிங் படிக்கற எங்க அக்கா பையன் லேப்டாப்ல திறந்தான். ஒரு கோட்டை க்ளிக் பண்ணா மொத்த பக்கமும் சேந்து செலக்ட் ஆகுது. "மாமா இதுல கோடே இல்ல, ஒரு போட்டோவ உள்ள ஒட்டி வச்சிருக்காங்க"ன்னான். அதுக்கப்புறம் அந்த ஆளு என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாரு.

ஷீட், மைக்கா, ஓசூர் வண்டி வாடகை எல்லாம் சேத்து அந்த 12,000 போக இன்னொரு 23,000 என் கைய விட்டு போச்சு. தயவுசெஞ்சு முழு பணத்தை குடுக்கறதுக்கு முன்னாடி டிடபிள்யூஜி பைலை வாங்கிடுங்க, அதை திறந்து பாக்க ட்ரூவியூன்னு ஒரு சாப்ட்வேரை ஆட்டோகேட் பண்ற ஆட்டோடெஸ்க் கம்பெனியே இலவசமா குடுக்குது, அதுலயே அளவும் எடுக்கலாம். டிராயர் அகலத்தை மட்டுமாவது நீங்களே கழிச்சு பாத்துடுங்க.

நான் மறுபடி டேப் எடுத்துட்டு போய் சுவத்துல மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளந்தேன், அக்கா பையன் கூட ரெண்டு நாள் உக்காந்து வரைஞ்சோம். ஒரே ஒரு டிராயர அறுத்து சேனல்ல ஓட்டி பாத்துட்டு தான் மீதிய அறுத்தோம். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு கடைசி கைப்பிடிய மாட்டுனோம்.