ஓப்பன்ஃபோம்: கணக்கு பிரமாதம், சலனத்தை மட்டும் நாமே கொடுக்கணும்

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு மாடியில், எட்டு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் ஒன்றரை வருஷமாக, நீரும் காற்றும் எப்படி ஓடும் என்று கணக்கிட்டுக் காட்டும் ஓப்பன்ஃபோம் மென்பொருளை ஓட்டுகிறேன். வேகம் வேறான இரண்டு நீர் அடுக்குகள் உரசும் இடத்தில் சுருள் எழும் கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலைகுலைவுதான் என் ஆய்வு. 2004இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், லைசென்ஸ் தொல்லை இல்லை. என் புலம்பல் எல்லாம் எல்லை நிபந்தனையைப் பற்றியது, அதாவது நீர் நுழையும், வெளியேறும் ஓரங்களில் நாம் எழுதிக்கொடுக்கும் விதி.

முதல் தடவை மேல் அடுக்குக்கு நொடிக்கு 1 மீட்டர், கீழ் அடுக்குக்கு 0.5 மீட்டர், நடுவில் ஒரு வேகத்திலிருந்து மற்றதற்கு வழவழவென்று மாற 1 செ.மீ. அளவில் டேன்எச் (tanh) வளைவு என்று நுழைவாயிலில் கொடுத்து ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். விடிந்து பார்த்தால் இரண்டு நிறமும் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கிடந்தன. எட்டிப் பார்த்த அப்பா, "நீவாடு (கடல் நீரோட்டம்) ரெண்டு சேர்ற இடம் இப்படியாடா இருக்கும்? பாம்பன் பாலத்துக்குக் கீழ போய்ப் பாரு" என்றார். நாட்டுப்படகில் முப்பது வருஷம் போனவர். சுருள் எழ முதலில் ஒரு சின்னச் சலனம் வேண்டும். அவர் பார்க்கும் கடலில் தட்டிவிடக் காற்றும் பாறையும் உண்டு. என் கணினிக்குள் யாருமில்லை.

நுழைவாயிலில் சலனம் கொடுக்கவென்று மென்பொருளிலேயே தயாராக இருக்கும் டர்புலன்ட்இன்லெட் (turbulentInlet) நிபந்தனையைப் போட்டேன். ஏமாற்றம். நுழைவாயிலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்ததில் ஒவ்வொரு கட்டத்தின் முகப்புக்கும் தனித்தனியாக எண்ணைக் குலுக்கிப் போடுகிறது, பக்கத்து முகப்போடு ஒட்டுறவே கிடையாது. அந்த இரைச்சல் நாலைந்து கட்டம் தாண்டுவதற்குள் கரைந்துவிடுகிறது. கணக்கு ஒவ்வொரு அடியாக முன்னேறும் நேர இடைவெளியான நேரப்படியை மாற்றினால் விடையும் மாறுகிறது.

கைகொடுத்தது, நிபந்தனையை நாமே நிரலாக எழுதவிடும் கோடட்ஃபிக்ஸ்ட்வேல்யூ (codedFixedValue). வேகத்தைக் கொடுக்கும் யு (U) கோப்பிலேயே நாலு வரி சி பிளஸ் பிளஸ் எழுதினால், ஓட்டத் தொடங்கும்போது தானே கம்பைல் செய்துகொள்கிறது. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் திரை நிறையத் திட்டும், அது வேறு கதை. செங்குத்து வேகத்தில் மட்டும் சராசரியின் 1 சதவீதத்துக்கு ஒரு சைன் அலை. சுவர் பக்கம் போகாமல் நடு அடுக்கோடு நிற்க, நடுவில் உயர்ந்து இருபுறமும் தேயும் ஒரு காஸியன் போர்வை. ஓட்டத் திசையிலேயே கொடுத்தால் உள்ளே வரும் நீரின் அளவு ஏறி இறங்கி, அழுத்தம் மொத்தப் பரப்பிலும் துள்ளும். அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்படியும் சுருள் வரவில்லை. நான் கொடுத்த அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ். சராசரி வேகம் 0.75 என்றால் அலைநீளம் 3.75 செ.மீ. டேன்எச் அடுக்கில், அந்த 1 செ.மீ. அளவைப்போல் 6.28 மடங்குக்குக் குறைந்த அலை வளரவே வளராது. வேகமாக வளர்வது ஏறக்குறைய 14 மடங்கு அலை. 5.3 ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். மூன்றாவது அலையிலேயே முதல் சுருள் மடிந்தது. இது மென்பொருளின் குற்றமில்லை, என் அவசரம்.

ஆனால் இன்னொன்று அதன் குற்றம்தான். பாதியில் நிறுத்தி, தொடக்க நிபந்தனைகள் இருக்கும் 0 கோப்புறையில் சைன் அலையின் வீச்சை மாற்றிவிட்டு, விட்ட நேரத்திலிருந்து தொடர்ந்தால் மாற்றம் ஏறாது. கடைசி நேரக் கோப்புறையில் எழுதிய பழைய நிபந்தனையையே எடுக்கும். ஒரு வார்த்தை எச்சரிக்கை கூட வராது. எனக்கு இரண்டு நாள் போயிற்று, அதில் ஒரு நாள் கரண்ட்டும் இல்லை.

ஐந்துக்கு நாலு. இரு பரிமாணம் என்றால் என் லேப்டாப் மாதிரி இருந்தாலே போதும். வெளிவாயிலில் இன்லெட்அவுட்லெட் (inletOutlet) என்ற நிபந்தனையைப் போட மறக்காதீர்கள், சுருள் வெளியேறும்போது தண்ணீர் திரும்பி உள்ளே வரப் பார்க்கும்.