நான்காம் நாள் சென்ற நம்பிக்கை மையம்

வட சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவை ஒட்டி இயங்கும் நம்பிக்கை மையத்திற்கு (எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் மையம்) நானும் என் தோழியும் மூன்று முறை சென்று வந்தோம். ஆணுறை கிழிந்துவிட்ட பதற்றத்தில் எங்கே போவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அன்றிரவு எங்கள் கவலை முழுவதும் கருத்தரிப்பைப் பற்றியதாகவே இருந்தது. அவசரக் கருத்தடை மாத்திரைக்காக மறுநாள் நான்கு மருந்துக்கடைகள் ஏறி இறங்கினோம். பால்வினை நோய் பற்றிய நினைவு அதன் பிறகே வந்தது. பழகத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த நாங்கள் இருவருமே அதுவரை எந்தப் பரிசோதனையும் செய்துகொண்டதில்லை. இரண்டாம் நாள் ஒரு தனியார் ஆய்வகத்திற்குச் சென்றோம். பல சோதனைகள் அடங்கிய ‘பாக்கேஜ்’ ஒன்றுக்குப் பணம் வாங்கி, ஒரு கேள்வியும் கேட்காமல் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் எல்லாமே ‘நெகட்டிவ்’ என்று அறிக்கை வந்தது, நாங்களும் நம்பினோம்.

மனம் முழுதாக ஆறாததால்தான் நான்காம் நாள் நம்பிக்கை மையத்திற்குப் போனோம். ஆலோசகர் முதலில் கேட்டது, சம்பவம் நடந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைத்தான். எங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது அதுக்கு முன்னாடி நடந்ததைத்தான் சொல்லும்” என்றார். துணைவருக்கு எச்.ஐ.வி. இருக்கக்கூடும் என்று மருத்துவர் கருதினால் தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளைத் தருவார் என்றும், அவற்றை இயன்றவரை சில மணி நேரத்திற்குள்ளும், மிஞ்சிப்போனால் 72 மணி நேரத்திற்குள்ளும் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்றும் அவர் விளக்கியபோது, அந்தக் கெடு எங்களுக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது. ஆய்வகத்தில் ஒருவராவது இதைச் சொல்லியிருந்தால் அன்றே மருத்துவரைப் பார்த்திருப்போம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பிறகு அவர் எங்களைத் தனித்தனியே அழைத்துப் பேசினார். முந்தைய உறவுகள், பிறப்புறுப்பில் புண் அல்லது சீழ், எவ்வகை உறவின்போது ஆணுறை கிழிந்தது, போதை ஊசிப் பழக்கம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லமாட்டேன் என்ற உறுதியையும் முன்கூட்டியே தந்தார். அந்தத் தனிமை இல்லாவிட்டால் நாங்கள் உண்மையைச் சொல்லியிருப்போமா என்பது சந்தேகமே. எங்கள் ஒப்புதலைப் பெற்ற பின்னரே ரத்தம் எடுத்தார்கள். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் ஒப்புதலையும் ரகசியத்தையும் கட்டாயமாக்கியிருக்கிறது.

அங்கு பயன்படுத்தும் விரைவுச் சோதனை, உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது. அது உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால் ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் மீண்டும் வரச் சொன்னார்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கும் மூன்று மாதம் வரை பொறுத்திருக்க வேண்டியிருக்கும். இடைப்பட்ட காலத்தில் ஆணுறை இன்றி உறவு கூடாது, ரத்த தானமும் கூடாது என்றார்கள். மூன்று முறையும் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. மையத்தின் பெயர்ப்பலகை வெளிநோயாளி வரிசைக்கு நேர் எதிரே இருப்பதால், உள்ளே நுழைகிறவரை எல்லோரும் பார்க்கிறார்கள். என் தோழி முதல் நாள் வாசலிலேயே தயங்கி நின்றார். பிற்பகலில் வந்தால் கதவு பூட்டியிருக்கும். கொனோரியா, கிளமிடியா ஆகிய பால்வினை நோய்களுக்கான சோதனை அங்கு இல்லை. அறிகுறி இருந்தால் அதே மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கென உள்ள சுகவாழ்வு மையத்தில் மருந்து தருகிறார்கள். ஆனால் இவ்விரண்டும், குறிப்பாகப் பெண்களிடம், அறிகுறியே இல்லாமலும் இருக்கக்கூடியவை. ஆகவே இரண்டு வாரம் கழித்து அந்தச் சோதனையை மட்டும் வெளியில் செய்துகொண்டோம். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியைப் போட்டிருக்கிறோமா என்று விசாரித்ததும் ஆலோசகர்தான்.

மூன்றாம் மாத முடிவு எங்கள் இருவருக்குமே ‘நெகட்டிவ்’ என்று வந்தது. அன்று புறப்படும்போது, 72 மணி நேரம் என்பதையும் கட்டணமில்லா உதவி எண் 1097ஐயும் வாசல் பலகையில் பெரிதாக எழுதிவைக்கும்படி கேட்டுக்கொண்டோம். ஆலோசகர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.