ஹேவ்லாக்கில் சிங்கி இறால் (லாப்ஸ்டர்) சாப்பிடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

அந்தமான் போய் வந்ததும் அங்கே உள்ள ஹேவ்லாக் தீவில் எங்கே சாப்பிடலாம், எது நல்ல கடை என்று விரிவாக எழுதுவதாகச் சிலரிடம் சொல்லியிருந்தேன். அதை எழுத இப்போது மனம் வரவில்லை. ஒரே ஒரு இரவுச் சாப்பாட்டுக்கு 10,350 ரூபாய் பிடுங்கிக்கொண்டார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடற்கரையை ஒட்டிய ஒரு கடல் உணவுக் கடை. வாசலில் ஐஸ் பெட்டியில் மீனும் இறாலும் பரப்பி, மேலே பல்பு போட்டு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. எங்கள் வண்டி ஓட்டுநர்தான், "இங்கதான் எல்லாரும் சாப்பிடுவாங்க" என்று கொண்டு போய் இறக்கினார். ஆர்டர் எடுக்க வந்த பையன் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "நானும் தமிழ்தான் அண்ணே, தாத்தா காலத்துலயே இங்க வந்துட்டோம்" என்றான். அத்தனை தூரம் கடல் தாண்டிப் போன இடத்தில் தமிழில் ஒருவன் "அண்ணே, அக்கா" என்று பேசினால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? என் மகளிடம் பெயர் கேட்டான், காரம் குறைவாகப் போடச் சொல்கிறேன் என்றான். நாளைக்கு எத்தனை மணிக்குக் கப்பல் என்றும் கேட்டான். அக்கறையாகக் கேட்கிறான் என்றுதான் நினைத்தோம்.

விலைப் பட்டியலில் சிங்கி இறாலுக்கு நேராக 'சந்தை விலை' என்று மட்டும் போட்டிருந்தது. கேட்டதற்கு, "கிலோ 3,000 அண்ணே. இது முக்கால் கிலோ இருந்தாலே பெருசு" என்று ஒன்றை எடுத்து என் கையிலேயே கொடுத்தான். மனைவி படமும் எடுத்தாள். சரி, முக்கால் கிலோ என்றால் 2,250 ரூபாய், விடுமுறையில் ஒரு நாள்தானே என்று சொல்லிவிட்டோம். கூடவே மீன் குழம்பு, சோறு, ஃப்ரைட் ரைஸ், பொரித்த சூரை, ஜூஸ்.

சாப்பிட்டு முடித்ததும் பில் வந்தது. கடைப் பெயர்கூட இல்லாத வெள்ளைச் சீட்டில் பேனாவால் எழுதியது. இறால் 2.4 கிலோ, 7,200. மற்றவை 1,800. வரி என்று 450. சர்வீஸ் என்று 900. மொத்தம் 10,350 ரூபாய்.

2.4 கிலோ! எங்கள் தட்டில் இருந்தது ஒரே ஒரு தலை. ஓட்டைக் கழற்றினால் மூன்று பேருக்கும் ஆளுக்கு நாலு துண்டு சதைகூடத் தேறவில்லை. கல்லாவில் இருந்தவரிடம் படத்தைக் காட்டினேன். "சார், அது சாம்பிள் காட்டினது. சமைச்சது வேற" என்றார். அப்படியானால் எடை போட்டுக் காட்டுங்கள் என்றால், தராசு கிச்சனில் இருக்கிறதாம், கிச்சனுக்குள் கஸ்டமர் வரக் கூடாதாம். அதுவரை 'அண்ணே' என்று உருகிய பையனைக் கூப்பிட்டேன். "ஆர்டர் எடுக்கறது மட்டும்தான் சார் என் வேலை" என்றான். பில் வந்த பிறகு நான் 'சார்' ஆகிவிட்டேன்.

முதலாளியிடம் பேச வேண்டும் என்றேன். போன் போட்டுக் கொடுத்தார்கள். அவர் போர்ட் பிளேரில் இருக்கிறாராம், "ரெண்டு நாள்ல வந்துடுவேன், நேர்ல பேசிக்கலாம்" என்றார். மறுநாள் காலை எங்களுக்குக் கப்பல் என்று அந்தக் கடை முழுக்கத் தெரியும். தெரிந்துதான் இந்தப் பேச்சு. கார்டு எடுத்தால் மெஷின் வேலை செய்யவில்லை, போனில் அனுப்பலாம் என்றால் நெட்வொர்க் இல்லை, பணமாகத்தான் வேண்டும் என்று நின்றார்கள். மகள் தூக்கத்தில் அழ ஆரம்பித்துவிட்டாள். ஏடிஎம் போய் எடுத்து வந்து கட்டினேன். 10,350 ரூபாய், ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

ஓட்டுநரைக் கேட்டால், "எனக்கு அதெல்லாம் தெரியாது சார்". பயணத்தை ஏற்பாடு செய்த ஏஜெண்டை அழைத்தால், "சாப்பாடு பேக்கேஜ்ல இல்லையே சார்". அந்த முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் பில்லையும் படத்தையும் அனுப்பினேன். பார்த்தார், பதில் இல்லை. மறுபடி அனுப்பியதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.

அந்த 900 ரூபாய் சர்வீஸ் கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உணவகங்கள் தாங்களாகவே அதை பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. வரி என்று வாங்கிய 450 இன்னும் மோசம். வரி வாங்குகிற கடையின் பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், அந்தமானில் பதிவு செய்த கடை என்றால் அது 35 என்று தொடங்கும். அந்த எண் இல்லாத சீட்டில் வாங்கிய வரி யாருக்குப் போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்கு இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. எடைக்கு விற்கும் எதையும் உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள், எடையையும் மொத்த விலையையும் எழுதி வாங்கிய பிறகு அடுப்புக்கு அனுப்புங்கள். 'சந்தை விலை' என்று மட்டும் போட்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஓட்டுநர் கொண்டு போய் இறக்கும் கடை வேண்டாம். கப்பல் நேரத்தை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஹேவ்லாக்கிலேயே மூன்றாம் நம்பர் கிராமத்துப் பஜார் பக்கம் சின்னச் சின்னக் கடைகளில் மீன் சாப்பாடு கிடைக்கிறது. விலை எழுதிப் போட்டிருக்கிறார்கள், வயிறும் நிறைந்தது. நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டது அங்கேதான்.

ஊர் வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். பில் சீட்டு, இறாலைக் கையில் வைத்திருக்கும் படம் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. 10,350 ரூபாயில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.