கிரிப்டோஸ் - டெசிமேட்டர்: நம்ம பெங்களூர் மெட்டல்

ஹெவி மெட்டல் என்றால் மெட்டாலிகா, அயர்ன் மெய்டன் பேண்டுகள் என்று மட்டுமே சுற்றிக்கொண்டிருக்கிறவர்கள் இதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். 1998-ல் இதே பெங்களூரில் ஆரம்பித்து 2013-ல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் இசைவிழா மேடை வரை போன கிரிப்டோஸ் பேண்ட், 2024-ல் கொண்டுவந்த ஆல்பம்தான் டெசிமேட்டர்.

இரண்டு கிடார்கள்தான் இதன் உயிர். ஒன்று முன்னால் ஓட, இன்னொன்று சற்று மேல் சுரத்தில் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும், இரட்டை நாயனம் கேட்டு வளர்ந்த காதில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நோலன் லூயிஸின் குரல். 80-களின் பாணியில் இனிமையாகப் போகும் கிடாருக்கு மேல் இப்படிக் கரகரவென்று ஒரு முரட்டுக் குரல் எதற்கு என்று எங்கள் அல்சூர் கூட்டத்தில் இன்னும் சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால் அந்த முரண்தான் இவர்களைத் தனியாகக் காட்டுகிறது, அதை எடுத்துவிட்டால் நூறு பேண்டில் இதுவும் ஒன்று.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் வேகம் ஒரே மாதிரி போகிறது. 2021-ல் வந்த இவர்களின் ஃபோர்ஸ் ஆஃப் டேஞ்சர் ஆல்பம் இதைவிட ஒரு படி மேல் என்பேன். ஆனாலும் தயங்காமல் வாங்கலாம்.

போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் என்கிற அடித்தொனி மொத்தமும் போய்விடும். நல்ல ஹெட்போன் போட்டு, நம்ம ஊர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் கேட்டுப் பாருங்கள்.