கிருபைப் பிரசங்கம்: பீடித்தட்டோடு கேட்டவளின் நீண்ட கால அனுபவம்

தகுதி பார்க்காமல் தேவன் தருகிற கிருபை, இளைப்பாறுதல், சபையாகச் சேர்ந்து வாழ்வது. இந்த மூன்றைப் பற்றிய பிரசங்கங்களைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். ஞாயிறு ஆராதனையில், ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்னும் உபவாச நாட்களின் வீட்டு ஜெபங்களில், கன்வென்ஷன் கூட்டங்களின் பந்தலில், இப்போது பீடி சுற்றும்போது போனிலும். பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. கேட்டதில் எது வாழ்க்கையில் நின்றது, எது நிற்கவில்லை என்று எழுதினால் யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் கிருபை. எங்கள் தொழிலில் எண்ணிக்கைதான் எல்லாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தூள் குறைவு, கட்டு தளர்வு என்று கடையில் கழித்துவிட்டால் அந்த உழைப்பு போனது போனதுதான். இப்படியே எண்ணிப் பழகிய மனசு ஆண்டவரிடமும் கணக்கோடுதான் போய் நிற்கும். இன்றைக்கு வேதம் வாசித்தேனா, வெள்ளிக்கிழமை உபவாசம் விட்டுப்போச்சே, அவரும் கழித்துவிடுவாரோ என்று ஒரு பயம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். எபேசியர் 2:8-ஐ வைத்து நன்றாகப் பிரசங்கிக்கிறவர்கள் இந்தப் பயத்தைத்தான் தொடுகிறார்கள். "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்ற வசனத்தைச் சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தேன். ஆனால் அது என்னைப் பிடித்தது மத்தேயு 20-ஆம் அதிகாரப் பிரசங்கம் ஒன்றில். காலையிலிருந்து வெயிலில் நின்றவனுக்கும் ஒரு பணம், பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் ஒரு பணம். கூலி வேலை செய்கிறவர்களுக்கு இந்த உவமை முதலில் கோபத்தைத்தான் கொடுக்கும். அந்தக் கோபத்தைப் பூசி மெழுகாமல், "கடைசியில் வந்தவன் வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பசிக்கும்தானே?" என்று கேட்டார் அன்றைக்குப் பேசிய சபை ஊழியரான உபதேசியார். பிறகு அந்தப் பகுதியை நான் வேறு விதமாக வாசித்ததே இல்லை.

இளைப்பாறுதல் பற்றிய பிரசங்கங்களில் தரம் மிகவும் மாறுபடும். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்று ஆரம்பித்து, மனசுக்குள் சமாதானம் என்ற ஒரே இடத்தில் முடித்துவிடுகிறவர்கள் அதிகம். கேட்கும்போது கண்ணீர் வரும். திங்கட்கிழமைக் கணக்குக்காக ஞாயிறு மத்தியானமே இலை வெட்ட உட்காரும்போது அதில் எதுவும் கையில் மிஞ்சாது. நல்ல பிரசங்கியார் இரண்டு இடங்களைச் சேர்த்துக் காட்டுவார். யாத்திராகமம் 20-இல் ஓய்வுநாளுக்குக் காரணம், தேவன் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தது. உபாகமம் 5-இல் காரணமே வேறு. நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினை, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. அப்படியானால் ஓய்வு என்பது எனக்குக் கிடைப்பது மட்டும் அல்ல, நான் இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதும்தான். இன்னொன்று, 1 இராஜாக்கள் 19-இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்ட கதை. தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சோர்ந்துபோனவளிடம் "விசுவாசம் குறைவு" என்று சொல்கிறவர்கள் இந்த அதிகாரத்தை ஒரு தடவை மெதுவாக வாசிக்க வேண்டும்.

மூன்றாவதான சபையாகச் சேர்ந்து வாழ்வதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. என் மாமியார் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம். பகலில் நான், ராத்திரியில் என் வீட்டுக்காரர் என்று முறை வைத்தோம். இரண்டு பேருடைய வருமானமும் நின்றது. அந்த வாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாரும் நீளமாக ஜெபிக்கவில்லை. ஒரு மதினி என் இலையையும் தூளையும் வாங்கிக்கொண்டு போய், நான் கடைக்குக் கொடுக்க வேண்டிய பீடியை இன்னும் சில பேரோடு பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்தாள். சித்தி ஒருத்தி பிள்ளைகளுக்குச் சோறு பொங்கினாள். ஆஸ்பத்திரிக்கு ஆள் மாற்ற ஒரு பட்டியலே போட்டார்கள். முதல் தடவையாக ஒரு பகல் முழுக்க நான் தூங்கினேன். "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்ற கலாத்தியர் 6-ஆம் அதிகாரப் பிரசங்கம் அதற்குச் சில வாரம் முன்னால்தான் நடந்திருந்தது. குருவானவர் அன்றைக்கு வெறுமனே விளக்கிவிட்டு இறங்கவில்லை. இந்தச் சபையில் இப்போது பாரம் சுமக்கிறவர்கள் யார் யார், அவர்கள் வீட்டுக்கு யார் போவது என்று ஆராதனை முடிந்ததும் உட்கார்ந்து பேசச் சொன்னார். எனக்குக் கிடைத்த அந்தத் தூக்கத்துக்கு அந்தப் பேச்சுதான் விதை.

இது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. விசுவாசத்தின் நிமித்தம் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் குடியிருக்க 1799-இல் நிலம் வாங்கி உண்டாக்கிய ஊர்தான் முதலூர். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் 1830-இல் தொடங்கிய தர்மசங்கமும் அதே மாதிரி ஆட்களுக்கு நிலமும் வீடும் தேடிக் கொடுக்கத்தான். சோறு பொங்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாக வைத்து ஊழியத்துக்குக் கொடுக்கும் பழக்கம் எங்கள் ஆச்சிமார் காலத்திலிருந்து வருகிறது. இவற்றைப் பிரசங்கத்தில் சொல்லும்போது இளசுகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கிருபையைப் பேசி முடித்து, காணிக்கை கொடுத்தால் இரட்டிப்பாய் வரும் என்று திருப்புகிற பேச்சுகள் பந்தல்களில் அதிகம். வாங்கின பிறகு கணக்குப் பார்ப்பது கிருபை ஆகாது. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஒரே கிண்ணத்தில் திருவிருந்து வாங்குகிறோம், அசனம் என்னும் சபை விருந்தில் ஒரே பந்தியில் உட்காருகிறோம், கல்யாணப் பேச்சு வந்ததும் முதல் கேள்வியாகச் சாதியைக் கேட்கிறோம். தகுதி பார்க்காமல் ஏற்றுக்கொள்வதுதான் கிருபை என்று வருடம் முழுக்கப் பேசுகிறவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பது அரிது. திறந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மேல் முறுமுறுப்பு வந்தது, ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. அந்த வருடம் கேட்டதில் உண்மையான கிருபைப் பிரசங்கம் அவருடையதுதான் என்பது என் எண்ணம்.

பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்து ஆண்கள் திண்ணையில் சாய்வார்கள், கறிக் குழம்பு நாங்கள் வைக்க வேண்டும். ஓய்வுநாளைப் பற்றிப் பேசுகிறவர் அந்த அடுப்பையும் பேசட்டும். எங்கள் சங்கத்தில் இதைக் கேட்ட பிறகு சில வீடுகளில் சனிக்கிழமை ராத்திரியே குழம்பு வைத்துவிடுகிறார்கள். என் வீட்டுக்காரர் ஞாயிறு பாத்திரம் கழுவுகிறார்.

போனில் கேட்பதைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். வசன விளக்கத்துக்கு நன்றாக இருக்கிறது, கைவேலை நடக்கும்போது துணையாகவும் இருக்கிறது, வேண்டிய இடத்தை மறுபடி கேட்கலாம். ஆனால் போனில் பேசுகிறவருக்கு என் மாமியார் விழுந்தது தெரியாது. அதனால் அதை நம்பி ஞாயிறு ஆராதனையை விடாதீர்கள். பிரசங்கம் சுமாராக இருக்கிற சபையாக இருந்தாலும் போங்கள், முடிந்ததும் உடனே கிளம்பாமல் காணிக்கையாக வந்த பொருட்களின் ஏலம் முடியும் வரை நில்லுங்கள். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது அங்கேதான் தெரியவரும். ஞாயிறும் வேலைக்குப் போக வேண்டியிருக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கும் கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்கும் வார நாளில் ஒரு சாயங்கால ஆராதனை வேண்டும் என்று எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் கீழ் உள்ள சபைகளின் தொகுப்பு) கேட்டிருக்கிறோம். உங்கள் சேகரத்திலும் கேளுங்கள்.