பசளைப் பணமா, உத்தரவாத விலையா, அஸ்வெசுமவா? இரண்டு ஏக்கர்காரரின் கணக்கு

திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்திலோ மூதூரிலோ இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்யும் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். பசளை மானியம், அரசு நெல் வாங்கும் உத்தரவாத விலை, வறிய குடும்பங்களுக்கு மாதாமாதம் தரும் அஸ்வெசும உதவிப்பணம் என்று இலங்கை அரசாங்கத்திடமிருந்து அவர்களுக்கு வரக்கூடிய உதவிகளில் எது உண்மையில் கைக்கு வந்து சேர்கிறது?

முதலில் பசளை மானியம். 2005க்குப் பிறகு பல வருடம் 50 கிலோ மூட்டை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. 2016இல் அது காசாக மாறியது, அப்புறம் திரும்பவும் மூட்டையானது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியையே தடை செய்தார்கள். அந்தப் போகத்தை யாரும் மறக்கவில்லை. இப்போது மறுபடியும் காசு. 2024/25 பெரும்போகத்தில் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாயாக இருந்ததை 25,000 ஆக்கினார்கள், உச்சம் 2 ஹெக்டேயர். ஏக்கருக்குச் சுமார் 10,000. நம் குடும்பத்துக்குப் போகத்துக்கு 20,000. நல்ல தொகைதான். ஆனால் பயிர் யூரியா கேட்கிற நாளும் வங்கிக்குக் காசு வருகிற நாளும் ஒன்றாக அமைய வேண்டுமே! பிந்தினால் கடையில் கடன்தான். அதைவிடப் பெரிய சிக்கல், பணம் விவசாயிகளைப் பதியும் அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்தில் யாருடைய பெயர் பதிவில் இருக்கிறதோ அவருக்கே போகும். காணிக்காரர் பெயர் இருந்தால் வயலில் இறங்குபவருக்கு ஒன்றுமில்லை.

உத்தரவாத விலை கேட்க இனிமையானது. 2025 பெப்ரவரியில் ஒரு கிலோ நாடு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாய் என்று அறிவித்தார்கள். அரசுக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 சதவீதத்துக்கு மேற்படாத ஈரப்பதம். மெஷினில் வெட்டி இறக்கிய பச்சை நெல் அந்த அளவில் இருக்காது. காய வைக்கத் தளம் இல்லாதவர் தார் வீதியோரம் படங்கு விரிக்க வேண்டும். மழை இருட்டினால் ஓடிப்போய்க் கூட்டி மூட வேண்டும். அப்புறம் சாக்கு, ஏற்றுகூலி, களஞ்சியத்தில் வரிசை. இதற்கிடையில் மெஷின்காரருக்கும் பசளைக் கடைக்கும் காசு கொடுத்தாக வேண்டும். அதனால்தான் சின்ன விவசாயி வயல் வரம்பிலேயே வியாபாரி சொன்ன விலைக்கு நெல்லைக் கொடுத்துவிடுகிறார். உத்தரவாத விலையின் முழுப் பலன் களமும் களஞ்சியமும் பொறுமையும் உள்ளவருக்குத்தான் என்பது என் எண்ணம். விலை அப்படியே சரிந்துவிடாமல் தாங்குவதற்கு அது வேண்டும், அதை மறுக்கவில்லை.

அஸ்வெசும விவசாயிக்கென்று வந்ததல்ல. 2023இல் தொடங்கியது, 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாய். வயல் காணிக்காரர் பெயரில் இருப்பது இங்கே தடையில்லை. பட்டியலில் பெயர் ஏறுவதுதான் பாடு. விடுபட்டவர்களின் முறைப்பாட்டை எந்தப் பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். ஏறிவிட்டால், வறியவர் என்ற வகையிலேயே வருடத்துக்கு 120,000. இரண்டு போகப் பசளைக் காசைப் போல மூன்று மடங்கு. விதைப்புக்கும் வெட்டுக்கும் இடைப்பட்ட வெறுங்கை மாதங்களில் அரிசிக்கும் பிள்ளைகளின் கொப்பிக்கும் இதுதான்.

பயிர்க் காப்புறுதி வேறு சாதி. வெள்ளம், வரட்சி, யானை வந்தால் மட்டும் பேசுகிற காசு.

குத்தகைக்காரருக்கு என் வரிசை இதுதான்: அஸ்வெசும முதலில், பசளைக் காசு அடுத்தது, உத்தரவாத விலை கடைசி. ஐந்து ஏக்கர் சொந்தக் காணியும் காயவைக்கும் தளமும் உள்ளவருக்கு இதை அப்படியே தலைகீழாக்கலாம். குத்தகை பேசும்போதே மானியம் யாருக்கு என்று பேசி முடித்துவிடுங்கள். காணிக்காரர் விடமாட்டார் என்றால் ஏக்கருக்கு 10,000 ரூபாயைக் குத்தகையில் கழிக்கச் சொல்லுங்கள்.